ஐப்பசி மழையில் இறங்கும் சிறு பறவைகளுக்குப் புதர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து சேர்ந்த செய்தி படத்துடன் நாளிதழ்களில் வெளிவருகிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதே வாரங்களில், செட்டிநாட்டு ஊருணிக் கரைகளிலும் பெரிய வீடுகளின் பின்கட்டுத் தோட்டங்களிலும் ஐயனார் கோயில் காடுகளிலும் வந்திறங்கும் சிறு பறவைகளைப் பற்றி ஒரு வரிச் செய்தியும் கண்ணில் படுவதில்லை. அவை கூட்டமாக நீரில் நிற்பதில்லை. தொலைவிலிருந்து படமெடுக்க வசதியாகக் காட்சி தருவதுமில்லை. பல உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே உள்ளவை. அவற்றின் சார்பில் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி முடியும் வரை, ஊருணிக் கரைகளிலும் கண்மாய் ஓரங்களிலும் கோயில் நிலங்களிலும் உள்ள நாட்டுப் புதர்களை வெட்டிச் சுத்தம் செய்யும் பணியை நிறுத்திவைக்க வேண்டும்.

வருகிறவை எவை என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பிளித் நாணல் கதிர்க்குருவி என்றொரு பழுப்பு நிறக் குருவி உண்டு. நிறத்தில் கவர்ச்சி ஏதுமில்லை. எடை பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். பின்லாந்திலிருந்து சைபீரியா வரை பரந்த நிலப்பகுதியில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. ஐரோப்பாவில் கூடு கட்டும் பூச்சியுண்ணிச் சிறு பறவைகளில் பல ஆப்பிரிக்காவை நாடிச் செல்ல, இது தென்கிழக்காகத் திரும்பி நம் பக்கம் வருகிறது. பச்சைக் கதிர்க்குருவி அதனினும் சிறியது; புளிய மரத்தின் உச்சி இலைகளுக்குள் ஓயாமல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். கொரியாவிலும் வடகிழக்குச் சீனத்திலும் கூடு கட்டும் கொடிக்கால் வாலாட்டி, மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டுவதற்கு மாறாக, பக்கவாட்டில் உடலோடு சேர்த்து அசைத்தபடி மர நிழலில் நடக்கும். சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து பழுப்புக் கீச்சான் வருகிறது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சு வளர்க்கும் சூறைக்குருவிகள், இங்கே வந்தபின் ஆலம்பழத்துக்கும் உகாப் பழத்துக்கும் கூட்டமாக இறங்கும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் வேதிவால் குருவி வருகிறது. நீண்ட வெண்ணிற வாலோடு பறக்கும் ஆண் பறவையை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் நம் தோட்டங்களில் அதிகம் தென்படுவது செம்பழுப்பு நிறமும் குட்டை வாலும் கொண்ட பெண்ணும் இளம் பறவைகளும்தான்.

ஆறுமணிக்குருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சை முதுகு, தோளிலும் பிட்டத்திலும் பளிச்சென்ற நீலம், கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு என இத்தனை நிறங்களைச் சுமந்துகொண்டு, காய்ந்த சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடுவதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாமல் இருந்துவிடுகிறது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாக ஒலிக்கும் அதன் குரலைக் கேட்டவர்கள் பலர். பறவையைக் கண்டவர்கள் சிலரே. வகைப்பாட்டை நுணுகிப் பார்ப்பவர்கள் இதைப் பாடும் பறவைகளின் நேர்க்கிளையில் சேர்ப்பதில்லை. எனினும் மழையிரவில் களைத்து விழுந்து மனிதர் கையில் வந்து சேரும் வலசைப் பறவைகளில் இது முக்கியமானது என்பதால், இக்கடிதத்திலிருந்து இதை ஒதுக்க எனக்கு மனமில்லை.

மழைக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பைச் சற்று விளக்க வேண்டும். தகைவிலான், சூறைக்குருவி போன்ற சில பகலில் பயணம் செய்தாலும், மேற்சொன்ன சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. இரவில் காற்று குளிர்ந்தும் பெரும்பாலும் அமைதியாகவும் இருக்கும். வல்லூறு முதலிய கொன்றுண்ணிகளின் தொல்லை குறைவு. பகல் முழுவதையும் இரை தேடச் செலவிடலாம். திசையறிய அவை விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் துணைக்கொள்கின்றன. 1960-களில் ஜெர்மனியில் வொல்ஃப்காங் வில்ச்கோ, கூண்டிலிருந்த ராபின் பறவைகள் காந்தப்புலத்தை மாற்றினால் தாம் நாடும் திசையையும் மாற்றிக்கொள்வதைக் காட்டினார். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன், கோளரங்கக் கூரையின் கீழ்ப் பறவைகளை வைத்து அவை விண்மீன்களைக் கொண்டு வடக்கு தெற்கு அறிவதைக் காட்டினார். இத்தனை திறமை இருந்தும், வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி மேகம் தாழ்ந்து, எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால், அவற்றால் தொடர்ந்து பறக்க இயலாது. இறகு நனைந்து உடல் சூடு குறையும். சேமித்து வைத்திருந்த கொழுப்பு வேகமாகக் கரையும். அந்நிலையில், விடியுமுன் எங்கே ஒரு பசுமைத் திட்டு கிடைக்கிறதோ அங்கே இறங்கிவிடுகின்றன.

செட்டிநாட்டின் நிலத்தோற்றத்தை மனத்தில் கொண்டால் அந்தத் திட்டு எது என்பது விளங்கும். செம்மண் பொட்டல், மானாவாரி வயல், தைல மரத் தோப்பு, சீமைக் கருவேலம் என விரிந்து கிடக்கும் இப்பகுதியில், பல அடுக்காகச் செடியும் கொடியும் மரமும் சேர்ந்த இடங்கள் மிகக் குறைவு. ஊருணிக் கரையின் ஓர் ஓரம், ஐயனாருக்கு விடப்பட்ட காடு, கண்மாயின் நீர்ப்பிடிப்பு விளிம்பு, பிறகு ஆட்கள் குடியிராத பெரிய வீடுகளின் பின்புறம், இவ்வளவுதான். இறுதியாகச் சொன்னதைக் கேட்டுச் சிலர் வியக்கலாம். உரிமையாளர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் தெருத்தெருவாக உள்ளன. அவற்றின் முகப்பைப் பார்க்கத்தான் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். ஆனால் இரண்டாங்கட்டையும் தாண்டி, கிணற்றடிக்குப் பின்னால், மாதுளையும் கொய்யாவும் கவனிப்பாரின்றி அடர்ந்து, அவற்றின்மீது கோவையும் முசுமுசுக்கையும் படர்ந்து, கீழே பல ஆண்டுச் சருகு மெத்தையிட்டுக் கிடக்கும் அந்தப் பகுதிதான் ஆறுமணிக்குருவிக்கு வேண்டியது. பராமரிப்புக் குறைவு என்று நாம் வருந்தும் இடமே அதற்குப் புகலிடமாகிறது.

பறவை பார்க்கக் கிளம்புவோர் மழை என்றால் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நீர்ப்பறவைகளைக் காண்பதற்கு அது பொருந்தலாம். சிறு பறவைகளைக் காண, விட்டுவிட்டுத் தூறும் ஐப்பசிக் காலைதான் ஏற்றது. முதலாவதாக, முந்தைய இரவில் இறங்கியவை இன்னும் அங்கேயே இருக்கும். அடுத்து, வெயில் நாளில் எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும் பறவைகள், மேகமூட்டமான நாளில் நண்பகல் வரையிலும் இரை தேடிக்கொண்டிருக்கின்றன. பசியோடு வந்தவை ஆதலால் மனிதர் அருகில் நிற்பதையும் ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன. மழை விட்ட அரை மணி நேரம் தனிச் சிறப்புடையது. புற்றிலிருந்து ஈசல் கிளம்பும்; அதைக் குறிவைத்துக் கரிச்சானும் கீச்சானும் ஈபிடிப்பானும் மின்கம்பியிலும் வேலிக்காலிலும் வரிசை பிடிக்கும்; மேலே தகைவிலான்கள் சுழன்று வரும். உச்சிக் கிளையில் மட்டுமே திரியும் பச்சைக் கதிர்க்குருவிகூட அப்போது கண்மட்டத்துக்கு இறங்கி வருவதுண்டு.

நின்று பார்ப்பதற்கு நம் ஊர்களில் இடத்துக்குக் குறைவில்லை. ஊருணி மண்டபம், கோயில் முன் கூரை, வீட்டுப் பின்வாசல் தாழ்வாரம் என ஏதேனும் ஒன்றின் கீழ் நின்றால் போதும். அலைந்து தேடுவதைவிட ஓரிடத்தில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பதே பலன் தரும். இருநோக்கி வாங்குவோர், எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் உள்ளதைத் தேர்ந்துகொண்டால், மேகமூட்டத்தின் மங்கிய வெளிச்சத்திலும் இறகின் நிறம் தெரியும். வில்லையில் படும் நீரைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சட்டைப் பையில் உலர்வாக வைத்திருக்க வேண்டும். வேட்டி நுனியால் துடைத்தால் மண் துகள் கீறிவிடும். இருநோக்கி இல்லாதவர்களுக்கும் குறையொன்றும் இல்லை. நாணல் கதிர்க்குருவியைக் கண்ணால் கண்டுபிடிக்கும் முன் காதால்தான் கண்டுபிடிக்கிறோம். இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டியதுபோல ‘டக், டக்’ என்று புதரின் அடியிலிருந்து ஒலி வரும். அது எந்தப் புதர் என்று குறித்துக்கொண்டு பொறுத்திருந்தால், இலை அசைவும் பிறகு ஒரு வெளிறிய புருவக் கோடும் தெரியும். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசியில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. இரவெல்லாம் பறந்து வந்த உயிர் இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியை விரட்ட அதை ஓடவிடுவது முறையன்று.

இனி என் கோரிக்கையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். சில ஆண்டுகளாகவே, மழைக்கு முன்னேற்பாடு என்ற பெயரிலும், தீபாவளிக்கு ஊரை அழகுபடுத்துதல் என்ற பெயரிலும், ஐப்பசி பிறக்கும் சமயத்தில் பொக்லைன் இயந்திரங்கள் ஊருணிக் கரைகளில் இறங்கிவிடுகின்றன. எங்கள் பகுதியில் உள்ள ஓர் ஊருணியின் மேற்குக் கரையில் காரை, சூரை, சங்கஞ்செடி, ஆதண்டை, களா ஆகியவை பின்னிப் பிணைந்து ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. தொடர்ந்து பல மழைக்காலங்களில் அங்கே நாணல் கதிர்க்குருவிகளும் கீச்சானும் தங்கியதைப் பார்த்திருக்கிறேன். சென்ற ஐப்பசியில், முதல் மழை பெய்து இரண்டொரு நாளில், அக்கரை ஒரு காலை வேளைக்குள் மழித்தெடுக்கப்பட்டது. வேரோடு பிடுங்கியவற்றைக் கரையோரமே குவித்துவைத்துவிட்டுச் சென்றார்கள். அதே வாரத்தில் பெய்த மழையில், வேர்ப்பிடிப்பு இழந்த கரை மண் கரைந்து ஊருணிக்குள் இறங்கியது. அந்த வேலையைச் செய்தவர்களைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு இட்ட பணியைத்தான் செய்தார்கள். மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் சற்று யோசித்திருக்கலாம்.

இங்கே இறங்கும் பறவைகள் எல்லாமே ஓரிரவு தங்கிப் போகிறவை அல்ல என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பகுதி, இரண்டொரு நாளில் உடல் தேற்றிக்கொண்டு, மேலும் தெற்கே சென்று கடலைத் தாண்டி இலங்கைக்குப் போய்விடும். மற்றொரு பகுதி இங்கேயே பங்குனி, சித்திரை வரை தங்குகிறது. பச்சைக் கதிர்க்குருவி குளிர்காலத்தில் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று நுழைந்தால் குரல் கொடுத்து விரட்டும் என்பதைக் களக்காடு–முண்டந்துறைக் காடுகளில் நடந்த ஆய்வுகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன. நாணல் கதிர்க்குருவி, வடக்கே திரும்பிச் செல்லத் தேவையான புதிய இறகுகளை இந்தக் குளிர்காலத்தில்தான் முளைக்கவைத்துக்கொள்கிறது; அதற்கு நாள்தோறும் நிறையப் பூச்சி வேண்டும். ஆகவே ஐப்பசியில் ஒரு புதரை அழித்தால், ஐந்தாறு மாதம் குடியிருக்க வந்த ஒன்றின் இடம் பறிபோகிறது. பக்கத்துப் புதருக்குப் போகட்டுமே என்றால், அங்கே ஏற்கெனவே மற்றொன்று எல்லை வகுத்திருக்கும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். பாம்பு வரும் என்பார்கள். வீட்டை ஒட்டியும் நடைபாதையை ஒட்டியும் சில அடி அகலத்துக்குச் செடியின்றி வைத்திருப்பது தேவைதான். அதற்காக யாரும் நடமாடாத எதிர்க்கரை முழுவதையும் மழிக்க வேண்டியதில்லை. கொசு பெருகும் என்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் தேங்கும் நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது; காரைச் செடியில் அன்று. அந்தச் சிரட்டைகளையும் டயர்களையும் அகற்ற எத்தனை ஆள் வைத்தாலும் நல்லதே. கண்மாய்க்கு நீர் வரத்து தடைப்படும் என்ற மறுப்பு மட்டும் முழுமையாக ஏற்கத்தக்கது. வரத்துக் கால்வாய், மடை, கலுங்கு ஆகியவற்றை அடைத்து நிற்கும் எதையும் அகற்றத்தான் வேண்டும். கரைமேல் மரம் வேர்விட்டுக் கரையைப் பிளப்பதையும் விட்டுவைக்கக் கூடாது. ஆனால் அப்பணிக்கு உரிய காலம் ஆடியும் ஆவணியும். நீர் வருவதற்கு முன் செய்தால்தான் அதனால் பயனும் உண்டு. ஐப்பசியில் செய்யப்படுவது கணக்குக் காட்ட மட்டுமே உதவும்.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்; இல்லையேல் அதற்காகப் பரிந்து பேசுவதாக யாரேனும் எண்ணக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் நம் கண்மாய்களை விழுங்கியிருக்கிறது. அதை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டதும் அனைவரும் அறிந்தது. அது போகட்டும். அதை எடுக்க வரும் இயந்திரம், அதன் நிழலில் தப்பிப் பிழைத்து நிற்கும் நுணாவையும் விராலியையும் ஆவாரையையும் உகாவையும் சேர்த்தே வாரிக்கொண்டு போவதுதான் என் கவலை. இயந்திரம் ஓட்டுபவருக்கு எல்லாம் ஒரே பச்சையாகவே தெரியும். பணி தொடங்குமுன் செடிகளை அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரோ, கல்லூரித் தாவரவியல் மாணவர் இருவரோ உடன் நடந்து, விட வேண்டியவற்றில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வந்தால் போதும், செலவு ஒன்றுமில்லை. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு ஆவாரம்பூக் கொத்துத் தேடிப் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பும் நிலை வந்த வீடுகளுக்கு, இதில் பறவைகளைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது.

பெரிய வீட்டுக்காரர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். வீட்டில் விசேஷம் வரும்போது பின்புறத்தைத் துப்புரவாக்குவது இயல்பே. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், கிணற்றுக்குப் பின்னால் உள்ள ஒரு மூலையை மட்டும் சருகோடும் கொடியோடும் விட்டுவிடச் சொல்லுங்கள். சருகை எரிக்க வேண்டாம். மண்புழுவும் வண்டும் கறையானும் அதன் கீழேதான் இருக்கின்றன. ஆறுமணிக்குருவி வருவதும் அவற்றைத் தேடித்தான்.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேகம் தாழ்ந்த இரவில் மேல்நோக்கி ஒளி பாய்ச்சினால், பறந்து செல்லும் பறவைகள் அவ்வொளிக்குள் சிக்கிச் சுற்றிச் சுற்றிப் பறந்து களைத்துவிடும். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓரிரவு ஏற்றப்படும் ஒளித்தூண்களை ராடார் துணையோடு ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, ஏழு ஆண்டுகளின் ஏழு இரவுகளில் மட்டும் ஏறத்தாழ 11 இலட்சம் பறவைகள் அவ்வொளியால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் அவை கலைந்து தம் வழியே சென்றதையும் அது பதிவு செய்தது. நம் பகுதியிலும் மாளிகை முகப்புகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இரவு முழுதும் ஒளி பாய்ச்சும் பழக்கம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில், பத்து மணிக்கு மேல் யாரும் பார்க்காத முகப்புக்கு விளக்கு எதற்கு என்று கேட்பது தவறாகாது என்றே நினைக்கிறேன்.

மழை இரவுக்கு மறுநாள் காலையில் வளவு வாசலிலோ கண்ணாடிச் சன்னலின் கீழோ, வண்ணப் பறவை ஒன்று கண் மூடிக் கிடப்பதைக் கண்டால், பதறிப்போய் வாயில் நீர் ஊற்ற வேண்டாம். நீர் மூச்சுக்குழலில் இறங்கி அதுவே உயிரைப் போக்கிவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதற்குள் வைத்து மூடி, பூனையும் பிள்ளைகளும் எட்டாத இருட்டான இடத்தில் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். அடிபடாமல் அதிர்ச்சியில் மட்டும் இருந்தால் அதற்குள் தெளிந்துவிடும். பிறகு மழையில்லாத நேரம் பார்த்து, காக்கை இல்லாத புதரோரம் பெட்டியைத் திறந்துவைத்தால் தானே போய்விடும். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்து வளர்ப்பது, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்; வளர்த்தாலும் புழு பூச்சி தின்னும் அப்பறவை அரிசிக் குருணைக்கு உயிர் வாழாது.

இத்தகைய கட்டுப்பாட்டை நம் மக்கள் ஏற்பார்களா என்ற ஐயம் எனக்கு இல்லை. 38.4 ஹெக்டேர் பரப்புள்ள வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதன் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஊர்களின் மக்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே பல பத்தாண்டுகளாக விட்டிருக்கிறார்கள். குழந்தைகள் கையிலிருந்து பட்டாசை வாங்கிவைப்பதைவிடக் கடினமான தியாகம் ஒரு கிராமத்துக்கு இல்லை. அதோடு ஒப்பிட்டால், வெட்டும் வேலையை மூன்று மாதம் தள்ளிவைப்பது மிக எளிது. தீபாவளியும் இப்பறவைகள் வந்திறங்கும் அதே ஐப்பசியில்தான் வருகிறது என்பதால், அவ்வூர் மக்கள் காக்கும் அமைதியால் நீர்ப்பறவைகளோடு இச்சிறு பறவைகளும் பயனடைகின்றன என்று நம்புகிறேன்.

கணக்கெடுப்பைப் பற்றிய ஒரு குறையையும் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். வனத்துறை ஈரநிலப் பறவைகளையும் நிலப்பறவைகளையும் தனித்தனியே மாநிலம் முழுவதும் கணக்கெடுப்பது பாராட்டுக்குரியது. ஆர்வலர்கள் பொங்கலை ஒட்டி எடுக்கும் கணக்கும் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் தை பிறக்கும் காலத்திலும் அதற்குப் பின்னரும் நடப்பவை. அதற்குள் இலங்கைக்குப் போக வேண்டியவை போய்விட்டிருக்கும். செட்டிநாட்டு வழியே எவை, எந்த வாரத்தில், எந்தக் காற்றில் கடந்து செல்கின்றன என்பதை அறிய ஐப்பசியில்தான் பார்க்க வேண்டும். காரைக்குடியிலேயே பல்கலைக்கழகமும், மரங்கள் அடர்ந்த ஆராய்ச்சி நிலைய வளாகமும் இருக்கின்றன. சுற்றிலும் கல்லூரிகளும் பள்ளிகளும் உள்ளன. ஒவ்வொன்றும் தன் வளாகத்தில் ஒரு மூலையைத் தேர்ந்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கண்டவற்றை பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்துவந்தால், சில ஆண்டுகளில் இப்பகுதிக்கென ஒரு நம்பகமான பதிவு உருவாகிவிடும்.

எனவே மாவட்ட நிர்வாகமும் ஊராட்சிகளும் அறநிலையத் துறையும், அடுத்த ஆண்டுக்கான துப்புரவுப் பணித் திட்டத்தை வகுக்கும்போதே, புதர் அகற்றும் பணியை ஆவணிக்குள் முடிக்குமாறு உத்தரவிட வேண்டும். விடுபட்டவற்றைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். அப்போதும் ஒரு கரையை வெட்டினால் மறு கரையை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்க வேண்டும். தங்கள் நாளிதழ் புரட்டாசி மாதத்தில் இதை ஒருமுறை நினைவூட்டிச் செய்தி வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1896-இல் பிறந்த நாளான நவம்பர் 12, ஐப்பசிக் கடைசியில் வருகிறது. அன்று காலை ஒரு மணி நேரம், பள்ளிகள் தம் மாணவர்களை அருகிலுள்ள ஊருணிக் கரைக்கு அழைத்துச் செல்லலாம். இடி மின்னல் இல்லாத வரை, தூறலைக் காரணம் காட்டி அதை ஒத்திவைக்க வேண்டாம் என்றும், பிள்ளைகளைக் குடையோடு வரச் சொன்னால் போதும் என்றும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.